அஸ்தியோடு ஒரு நினைவு மரம்: முதல்முறை நடுபவர்களுக்கான செய்முறை விளக்கம்

புதைத்துக் கல்லறை கட்டுவதற்குப் பதிலாக, தகனம் செய்து, அந்தச் சாம்பலோடு ஒரு மரம் நடலாம் என்று நினைப்பவர்கள் இப்போது அதிகம். கல் நிற்கும் இடத்தில் நிழல் தரும் ஒன்று நிற்கட்டும் என்பது அழகான விருப்பம். ஆனால் இந்த முறையைப் பாராட்டி எழுதுபவர்களில் பலர் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தகனச் சாம்பல் மரத்துக்கு உரம் ஆகாது. அளவு மீறினால் இளங்கன்று கருகிவிடும். அப்பாவின் பெயரால் நட்ட மரம் கண்ணெதிரே பட்டுப்போனால், அந்த வீட்டில் மறுபடி ஒரு சாவு விழுந்ததுபோல் ஆகிவிடும். அது யாருக்கும் நேரக் கூடாது என்றுதான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செய்முறையின் சாரம் இதுதான்: முதலில் மரம் வேர் பிடிக்கட்டும். சாம்பலைப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, நிறைய மண்ணில் கலந்து கொடுங்கள்.

தொடங்கும் முன்: அந்தச் சாம்பலில் என்ன இருக்கிறது?

மின்சார, எரிவாயு தகனமேடைகளில் வெப்பம் ஏறத்தாழ 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில் தசையும் கொழுப்பும் வாயுவாகிப் போய்விடும். செடிக்கு மிகவும் தேவையான நைட்ரஜனும் அதோடு போய்விடும். மிஞ்சுவது எலும்பின் தாதுப்பகுதி மட்டுமே. அதை அரைத்துத் தூளாக்கித் தருகிறார்கள். பெரியவர் ஒருவரின் சாம்பல் பொதுவாக 2 முதல் 3 கிலோ இருக்கும், அளந்தால் சுமார் 3 லிட்டர் வரும்.

இதில் பெரும்பங்கு கால்சியம் பாஸ்பேட். பாஸ்பேட் என்றால் உரம்தானே என்று கேட்கலாம். கடும் சூட்டில் வெந்து இறுகிய பாஸ்பேட் இது. தண்ணீரில் மிக மெதுவாகத்தான் கரையும், அதனால் வேரால் எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது.

கெடுதல் செய்வது இரண்டு. ஒன்று, காரத்தன்மை. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பிஎச் கணக்கில் 7 நடுநிலை, அதற்கு மேல் போகப் போகக் காரம். பெரும்பாலான செடிகள் பிஎச் 6 முதல் 7.5 வரை உள்ள மண்ணை விரும்பும். தகனச் சாம்பலின் பிஎச் 11 அளவில் இருக்கும். பிஎச் கணக்கில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு என்பதால், இந்த வித்தியாசம் மிகப் பெரியது. காரம் கூடிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. இன்னொன்று, சோடியம் உப்பு. வேரைச் சுற்றி உப்பு சேர்ந்துவிட்டால், மண் ஈரமாக இருந்தாலும் செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஈர மண்ணில் நிற்கும் கன்று வாடுவதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு.

விறகில் எரித்த சாம்பல் என்றால், மரச்சாம்பலும் அதோடு கலந்திருக்கும். அதில் பொட்டாசியம் உண்டு, காரமும் உண்டு. எலும்புத் துண்டுகள் பெரிதாகவே கிடக்கும். மரச்சாம்பல் நல்லதுதானே என்று அள்ளிக் கொட்ட வேண்டாம். கீழே சொல்லும் அளவுகள் இதற்கும் பொருந்தும்.

மட்கும் கலசங்கள் பற்றி ஒரு வார்த்தை

ஸ்பெயினில் உருவான பயோஸ் அர்ன், இத்தாலிய வடிவமைப்பாளர்கள் அன்னா சிட்டெல்லியும் ரவூல் பிரெட்செலும் உருவாக்கிய முட்டை வடிவ கேப்சுலா முண்டி போன்ற மட்கும் கலசங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கலசத்தை மண்ணில் வைத்து, மேலே மரம் வளர்க்கும் திட்டங்கள் இவை. வாங்குவதானால், சாம்பல் அறையும் வேர் வளரும் அறையும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். கலசம் மட்கும்போது மொத்தச் சாம்பலும் ஒரே கட்டியாக வேருக்கு அடியில் நிற்குமானால், மேலே சொன்ன சிக்கல் அப்படியே இருக்கும்.

எனக்கு அதிகம் பிடித்தது ஜெர்மனியின் வழி. அங்கே 2001-இல் ரைன்ஹார்ட்ஸ்வால்ட் காட்டில் முதல் ஃபிரீட்வால்ட், அதாவது சாம்பலைப் புதைப்பதற்கான காடு, தொடங்கியது. ஏற்கெனவே காட்டில் வளர்ந்து நிற்கும் மரத்தின் அடியில், மட்கும் கலசத்தில் சாம்பலைப் புதைக்கிறார்கள். முற்றிய மரத்துக்கு விரிந்த வேர் உண்டு. ஓர் ஓரத்தில் கொஞ்சம் உப்பு சேர்ந்தால் தாங்கிக்கொள்ளும். சொந்த இடத்தில் நல்ல மரம் ஒன்று நின்றால், புதுக்கன்று நடாமல் அதையே நினைவு மரமாக்கலாம். அப்படிச் செய்பவர்கள் நேராக ஐந்தாம் படிக்குப் போய்விடலாம்.

படி 1: இடம்

நிலம் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. சாம்பலைப் புதைப்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பொது இடம், பூங்கா, வனம் என்றால் எழுத்துபூர்வ அனுமதி வாங்காமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள். அனுமதி இல்லாத மரத்தை யார் வேண்டுமானாலும் ஒருநாள் வெட்டிவிடலாம். வாடகை வீடு வேண்டவே வேண்டாம். சொந்த நிலம் என்றாலும், அடுத்த இருபது முப்பது வருடங்களில் விற்க வேண்டி வருமா என்று குடும்பத்தில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். மண்ணில் கலந்த சாம்பலைத் திரும்ப எடுக்க முடியாது.

அப்புறம் வழக்கமான கவனம்: மேலே மின்கம்பி, கீழே குழாய், பக்கத்தில் சுவர், கிணறு எதுவும் இருக்கக் கூடாது. ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் தேங்கி நின்றால் அந்த இடம் சரிப்படாது. உப்பு கீழே இறங்கிப் போக வடிகால் மிகவும் முக்கியம்.

படி 2: எந்த மரம்?

அவருக்குப் பிடித்த மரம் என்பதுதான் முதலில் மனதுக்கு வரும், அது இயல்பு. ஆனால் அந்த மண்ணிலும் அந்த மழையிலும் தானாக வளரும் மரமா என்று பாருங்கள். சுண்ணாம்பும் உப்பும் கொஞ்சம் தாங்கும் இனமாக இருந்தால் கூடுதல் நிம்மதி. வேம்பு, புங்கம், ஆலிவ், பேரீச்சை எல்லாம் அந்த வகை. அமில மண்ணை விரும்பும் தேயிலை, கமேலியா, ரோடோடென்ட்ரான் போன்றவற்றுக்கு இந்தச் சாம்பல் ஒத்துவராது. அவருக்குப் பிடித்தது அப்படிப்பட்ட செடிதான் என்றால், சாம்பல் இல்லாமல் அதை நடுங்கள். சாம்பலுக்கு வேறொரு மரம் இருக்கட்டும்.

பெரிய கன்றாக வாங்கினால் சீக்கிரம் மரமாகும் என்று தோன்றும். சிறிய கன்றுதான் விரைவில் வேர் பிடிக்கும். பையின் அடியைப் பாருங்கள். வேர் சுருண்டு வட்டமாகச் சுற்றியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். இரண்டாவது கன்றைத் தொட்டியில் வளர்த்துவாருங்கள். முதல் கன்றுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அதே நாளில் வாங்கிய துணைக்கன்று கையில் இருக்கும்.

படி 3: நடவு

மழைக்காலத் தொடக்கம், அல்லது வெயில் தணிந்த பருவம் நல்லது. குழியின் ஆழம் வேர்மண் கட்டியின் உயரம் அளவுக்கு இருந்தால் போதும். குழியின் அகலம் வேர்மண் கட்டியின் அகலத்தைப்போல மூன்று மடங்கு இருக்கட்டும். தண்டு விரிந்து வேராக மாறும் இடம் தரைமட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். அதை மண்ணால் மூடினால் தண்டு அழுகும். எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். கையால் அழுத்தினால் போதும், காலால் மிதிக்க வேண்டாம். தண்ணீர் விட்டு, காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள், ஆனால் தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் இடைவெளி இருக்கட்டும்.

நடும் நாளிலேயே சாம்பல் சேர வேண்டும் என்று வீட்டில் விரும்பினால் மறுக்க வேண்டாம். அந்தக் கணம் குடும்பத்துக்கு முக்கியம். 90 செ.மீ. அகலமும் 40 செ.மீ. ஆழமும் உள்ள வட்டக் குழியில் சுமார் 250 லிட்டர் மண் இருக்கும். அந்த மொத்த மண்ணிலும் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் சாம்பலைச் சீராகக் கலந்தால், ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். இதைக் கன்று தாங்கும். வேர்மண்ணை ஒட்டி நேரடியாகத் தூவாதீர்கள்.

படி 4: காத்திருப்பு

குறைந்தது ஒரு வருடம். புதுத் துளிர் நன்றாக விட்டு, அசைத்தால் கன்று ஆடாமல் நிற்கும் வரை. மீதிச் சாம்பலைக் காற்றுப் புகாத பாத்திரத்தில் ஈரம் படாமல் வைத்தால் கெடாது. இந்தக் காலத்தில் கன்றுக்குத் தேவை ஆழமான நீர்ப்பாசனம் மட்டும்தான். தினமும் தெளிப்பதைவிட, சில நாட்களுக்கு ஒருமுறை நின்று நிதானமாக ஊற்றுவது வேரைக் கீழே இழுக்கும்.

படி 5: சாம்பல் சேர்த்தல்

முதலில் ஒரு சோதனை. பத்து லிட்டர் வாளி நிறைய மண்ணும் நன்றாக மட்கிய உரமும் பாதிப் பாதி எடுத்து, 100 மில்லி சாம்பலைக் கலந்து, ஈரமாக்கி இரண்டு வாரம் வையுங்கள். அதில் கொஞ்சத்தை ஒரு சின்னத் தொட்டியிலும், வெறும் மண்ணை இன்னொன்றிலும் போட்டு, முள்ளங்கி விதை தூவுங்கள். இரண்டிலும் ஒரேபோல் முளைத்தால் சரி. கலவையில் முளைப்பு குறைந்தாலோ இலை நுனி கருகினாலோ, சாம்பலைப் பாதியாக்குங்கள். கடையில் விற்கும் பிஎச் தாள் இருந்தால் அதையும் பயன்படுத்திப் பாருங்கள்.

மட்கிய உரம் இங்கே வெறும் துணைப்பொருள் என்று நினைக்காதீர்கள். அதில் உள்ள கரிமப்பொருள் காரத்தை ஓரளவு தணிக்கும், மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்கும் உணவாகும். சாம்பலுக்கும் வேருக்கும் நடுவே நின்று வேலை செய்வது அதுதான்.

சேர்க்கும் நாளில் முகக்கவசம் அணியுங்கள். மிக நுண்ணிய தூசி அது, முகத்தில் அடிக்கும். காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். சாம்பலில் உலோகத் துண்டு தென்பட்டால் தனியாக எடுத்துவிடுங்கள்.

மரத்தின் கிளை விரிந்திருக்கும் வெளி விளிம்புக்கு நேர் கீழே, வட்டமாக, ஆறு முதல் எட்டுச் சிறு குழிகள் தோண்டுங்கள். 30 செ.மீ. ஆழம் போதும். குழிக்கு ஒரு வாளி கலவை. மூடிவிட்டு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். எட்டுக் குழியில் 800 மில்லி போகும். மொத்தம் 3 லிட்டர் என்றால், வருடத்துக்கு ஒருமுறை சேர்த்து நான்கு வருடங்களில் முடியும். கிளை விரிய விரிய வட்டமும் வெளியே நகரும், ஒரே இடத்தில் உப்பு சேராது. நினைவு நாளில் குடும்பம் கூடி இதைச் செய்யலாம். சின்னப் பிள்ளைகளிடம் வாளியைக் கொடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு நகர்வதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் திடமான எண்ணம்.

மாடியில் தொட்டி மட்டும்தான் இருக்கிறது என்றால், ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். தொட்டியில் உப்பு போக வழி குறைவு.

மரம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், காரத்தால் இரும்பு கிடைக்கவில்லை என்று பொருள். அடுத்த சேர்ப்பைத் தள்ளிவையுங்கள், மட்கிய உரத்தை அதிகமாக்குங்கள். தேவையானால் கந்தகத் தூள் மிகச் சிறிதளவு தூவலாம். மண் பாக்டீரியா அதை மெல்ல அமிலமாக்கும், பலன் தெரிய மாதங்கள் ஆகும். இலை விளிம்பு பழுப்பாகக் கருகினால் உப்பு. வடிகால் நன்றாக இருந்தால், சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். கூடுதலாகப் பாஸ்பேட் உரம் எதுவும் போட வேண்டாம்.

கடைசியாகப் பெயர்ப்பலகை. தண்டில் ஆணி அடிக்காதீர்கள், கம்பியால் கட்டாதீர்கள். தண்டு பருக்கும்போது கம்பி பட்டையை அறுத்து உள்ளே போகும். பலகையைத் தனிக் குச்சியில் கட்டி, மரத்துக்கு ஓர் அடி தள்ளி நடுங்கள்.