சிம் கார்டு வேலை செய்யலன்னா அவசரப்பட்டு தூக்கிப் போட்றாதீங்க

எங்க சின்னம்மா மலேசியாவுல சுங்கை சிப்புட்ல லிந்தாங் ரோட்டுப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துல உதிரிப்பழம் பொறுக்குறாங்க, போன் எப்பவும் சட்டைப் பாக்கெட்லதான் இருக்கும், ஒரு நாள் திடீர்னு திரையில "நோ சிம்"னு வந்துருச்சி. டவுன்ல ஒரு போன் கடையில காட்டியிருக்காங்க, கார்டு செத்துப்போச்சு அக்கா, பத்து வெள்ளிக்கு புது நம்பர் எடுத்துக்குங்கன்னு சொல்லியிருக்கான் அந்தப் பையன். இவங்களும் வாங்கிட்டு பழைய கார்டை கடுகு டப்பாவுல போட்டு வச்சிட்டாங்க. நாலஞ்சு மாசம் கழிச்சு ஈ.பி.எப். (சேமநிதி, கே.டபிள்யூ.எஸ்.பி.ன்னும் சொல்வாங்க) ஆப் திறக்கப் போனா கோட் எல்லாம் பழைய நம்பருக்குத்தான் போகுது, அப்பதான் என்கிட்ட வந்தாங்க.

கார்டை எடுத்து வெளிச்சத்துல புடிச்சிப் பார்த்தேன். அந்த தங்கக் கலர் தகடு மேல லேசா பச்சையும் வெள்ளையுமா ஒரு படலம், ஓரத்துல கருப்பா ஒரு கோடு. வேர்வை உப்பு இறங்கி தகடு அரிச்சிருக்கு. தங்கச்சி பென்சில் பாக்ஸ்ல இருந்த வெள்ளை ரப்பரால மெதுவா ரெண்டு மூணு தடவை ஒரே பக்கமா தேச்சி, காஞ்ச பஞ்சுத் துணியில தொடச்சி என் போன்ல போட்டேன், கார்டை உடனே படிச்சிருச்சி. ஆனா லைன் வரல, ஏன்னா இத்தனை மாசமா டாப்-அப் போடாம நம்பர் காலாவதி ஆயிருச்சி. அதுவும் அந்த நம்பர் செத்துப்போன சித்தப்பா பேர்ல பதிவு. கார்டு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நம்பர் போச்சு. இதை எழுதுறதே அதுக்காகத்தான், நம்ம ஊர்ல சிம் பிரச்சினைன்னு வர்றதுல நான் பார்த்த வரைக்கும் பாதிக்கு மேல கார்டே காரணம் இல்ல.

அதனால முதல்ல செய்ய வேண்டியது ஒன்னே ஒன்னுதான், எந்தக் கடைக்கும் போறதுக்கு முன்னாடி கார்டை வீட்ல இருக்குற வேற போன்ல போட்டுப் பாருங்க, அப்படியே வேற கார்டை உங்க போன்லயும் போட்டுப் பாருங்க. உங்க கார்டு அடுத்த போன்ல ஓடுச்சுன்னா கோளாறு உங்க போன்ல, ஓடலன்னா கார்டுலயோ லைன்லயோ. அஞ்சு நிமிஷ வேலை, இதை யாரும் செய்றதில்ல. போனுக்குள்ளயே ரேடியோ பாகம் கெட்டுப்போச்சான்னு பார்க்க *#06# அடிச்சிப் பாருங்க, 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பர் வரணும், வெறுமையாவோ வெறும் ஜீரோவாவோ வந்தா எத்தனை புது சிம் வாங்கிப் போட்டாலும் பிரயோஜனம் இல்ல, போனைத்தான் ரிப்பேருக்கு குடுக்கணும்.

திரையில என்ன எழுதியிருக்குன்னு படிக்காம விடுறதும் பெரிய தப்பு. எல்லாத்தையும் "லைன் இல்ல"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுறோம். "நோ சிம்"னா போன் கார்டையே பார்க்கல, சிம் வைக்குற தட்டு, அழுக்கு, கார்டு சரியா உக்காராதது, இதைத்தான் பார்க்கணும். "நோ சர்வீஸ்", "எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி"னா பெரும்பாலும் கார்டைப் படிச்சிருச்சி ஆனா டவர் கூட சேர முடியல, அது சிக்னலா இருக்கலாம், காலாவதியா இருக்கலாம், செட்டிங்ஸா இருக்கலாம். செம்பனைக் காட்டுக்குள்ள, பள்ளத்துல இருக்குற லயத்து வீட்ல நின்னுக்கிட்டு சிம் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, மோட்டார்ல மெயின் ரோட்டுக்கு வந்து, ஏரோப்பிளேன் மோட் போட்டு அரை நிமிஷம் கழிச்சி எடுத்துப் பாருங்க.

செட்டிங்ஸ்னு சொன்னா நம்ம அப்பா, மாமாங்க வச்சிருக்குற பழைய போன்ல அடிக்கடி பார்க்குறது ஒன்னு இருக்கு. மலேசியாவுல 3ஜி-யை 2021 கடைசியில மூடிட்டாங்க. யாரோ எப்பவோ பேட்டரி நிக்கணும்னு நெட்வொர்க் மோடை "3ஜி ஒன்லி"ல வச்சிட்டுப் போயிருப்பாங்க, இல்லாத லைனை அந்தப் போன் இன்னும் தேடிக்கிட்டே இருக்கும், சூடாகும், பேட்டரி இறங்கும். 4ஜி, 2ஜி எல்லாம் சேர்ந்த ஆட்டோ மோட்ல மாத்துங்க. நெட் வருது, ஆனா கால் பண்ணா மட்டும் கட்டாகுது இல்ல பேசும்போது நெட் நின்னுருது, இப்படி இருந்தா வோல்ட்டி (4ஜி-லயே கால் பேசுற வசதி) ஆன்ல இருக்கான்னு பாருங்க. அது இல்லாத போன் கால் வந்தா 2ஜி-க்கு இறங்கிரும், அதுவும் சிம் கோளாறு இல்ல.

ரெண்டு சிம் போன்ல ஒரு சிம்மை தெரியாம ஆப் பண்ணி வச்சிருக்குறதும் உண்டு, சிம் மேனேஜர்ல ஒரு தட்டு தட்டுனா சரியாயிரும். சில போன்ல ரெண்டாவது சிம் இடமும் மெமரி கார்டு இடமும் ஒன்னுதான், அங்க மெமரி கார்டைப் போட்டுட்டு சிம் எங்கன்னு தேடக்கூடாது.

அடுத்தது கை வைக்குற விஷயம், இங்கதான் நல்ல போனும் வீணாப் போகுது. தட்டை வெளிய எடுக்க ஊக்கைக் குத்துறோம் இல்லையா, சார்ஜ் போடுற இடத்துக்குப் பக்கத்துல இருக்குற சின்ன ஓட்டை நிறைய போன்ல மைக், அதுல குத்தினா அப்புறம் நீங்க பேசுறது எதிர்ல கேக்காமப் போயிரலாம். தட்டு ஓட்டை பெரும்பாலும் அந்தத் தட்டு மேலயே இருக்கும், சுத்தி நீள்வட்டமா ஒரு கோடு தெரியும், அதைப் பார்த்து நேரா அழுத்துங்க, சாய்ச்சி அழுத்தாதீங்க. அழுக்குன்னு வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் உள்ள போகும். தண்ணி பட்ட கார்டை ஹேர் டிரையர்ல காய வைக்காதீங்க, துணியில தொடச்சி காத்துல வச்சா போதும்.

பழைய பெரிய சிம்மை கத்திரிக்கோல்ல வெட்டி சின்னதாக்குற பழக்கம் இன்னும் இருக்கு, தயவு செஞ்சி வேணாம். நானோ சிம் 12.3க்கு 8.8 மில்லிமீட்டர், கனம் (தடிப்பு) 0.67 மில்லிமீட்டர். பழைய கார்டு கனம் 0.76. அளவா வெட்டினாலும் கனம் கூடத்தான் இருக்கும், உள்ள இறுக்கமா மாட்டிக்கிட்டு இழுக்கும்போது போன் உள்ள இருக்குற மெல்லிய பின் வளைஞ்சிரும். அதே மாதிரி பெரிய இடத்துல சின்ன சிம் உக்கார வைக்குற அடாப்டர்ல நானோ சிம்மை வச்சி தள்ளும்போது சிம் கழண்டு வெறும் சட்டம் மட்டும் உள்ள போச்சுன்னா பின் அதுல கொக்கி மாதிரி மாட்டிக்கும், பலமா இழுத்தா போன் காலி. உங்க நம்பருக்கே சரியான சைஸ்ல மாத்து சிம் குடுப்பாங்க, ஐ.சி. (அடையாள அட்டை) எடுத்துக்கிட்டு கம்பெனி சென்டருக்குப் போனா போதும்.

சிம் பின் நம்பர் கேட்டா மனசுல தோணுனதை அடிக்காதீங்க. மூணு தடவை தப்பானா பூட்டிக்கும், அப்புறம் 8 இலக்க பி.யு.கே. (அந்தப் பூட்டைத் திறக்குற நம்பர்) கேக்கும், அதை 10 தடவை தப்பா அடிச்சா கார்டு நிரந்தரமா செத்துரும், அதுக்கப்புறம் யாராலயும் திறக்க முடியாது. பி.யு.கே. சிம் வந்த பிளாஸ்டிக் அட்டையில இருக்கும், அதை குப்பையில போட்றாதீங்க. அட்டை இல்லன்னா கஸ்டமர் சர்வீஸ்ல ஐ.சி. நம்பர் சொல்லிக் கேக்கலாம்.

கடையில "எல்லாத்தையும் ரீசெட் பண்ணிடலாம்"னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க. நெட்வொர்க் ரீசெட் வேற, பேக்டரி ரீசெட் வேற. முதல்ல சொன்னது வைபை பாஸ்வேர்டு, புளூடூத் மாதிரி செட்டிங்ஸைத்தான் அழிக்கும். ரெண்டாவது பேரப்புள்ள போட்டோவுல இருந்து எல்லாத்தையும் அழிச்சிரும், சிம் கார்டு அழுக்கா இருந்தா அது ரெண்டாலயும் சரியாகாது. இ-சிம் (கார்டு இல்லாம போனுக்குள்ளயே பதிஞ்சிருக்குற சிம்) வச்சிருக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும், ரீசெட் பண்றப்ப இ-சிம்மையும் சேர்த்து அழிச்சிட்டா கம்பெனிகிட்ட போய் மறுபடியும் வாங்கணும்.

இப்ப முக்கியமானது, நம்பர் யார் பேர்ல இருக்கு. 2006லேர்ந்து ப்ரீபெய்டு நம்பருக்கும் பதிவு கட்டாயம், ஆனா தோட்டத்துல மண்டோர் (கங்காணி) பேர்லயும் அண்ணன் பேர்லயும் வாங்கி ஓட்டுறது எத்தனையோ பேர். ஓடுற வரைக்கும் தெரியாது, கார்டு தொலைஞ்சா மாத்து சிம் எடுக்க அந்த ஆளோட ஐ.சி. வேணும். இன்னிக்கு பேங்க், இ-வாலட், ஈ.பி.எப். எல்லாமே அந்த ஒரு நம்பரை நம்பித்தான் இருக்கு. அதனால புது நம்பர் மலிவா கிடைக்குதேன்னு மாறாதீங்க, கோளாறு சரியாகுற வரைக்கும் பழைய நம்பருக்கு டாப்-அப் போட்டு உயிரோட வச்சிருங்க, கார்டு இல்லாமலே கடையில நம்பரைச் சொல்லிப் போடலாம்.

இன்னொன்னு, நல்ல சிக்னல் இருக்குற இடத்துல, பக்கத்துல இருக்கறவங்களுக்கு அதே கம்பெனி லைன் ஓடுது, உங்களுக்கு மட்டும் திடீர்னு "நோ சர்வீஸ்", ஆன் ஆப் பண்ணியும் வரல, டாப்-அப்பும் இருக்குன்னா நாளைக்குப் பார்க்கலாம்னு தூங்கப் போகாதீங்க. உங்க பேர்ல வேற எவனாவது மாத்து சிம் எடுத்திருக்கலாம், எடுத்தவனுக்கு உங்க எஸ்.எம்.எஸ். எல்லாம் போகும், எஸ்.எம்.எஸ்.ல வர்ற பேங்க் டேக் நம்பர் (ஒரு தடவை போடுற ரகசிய கோட்) உட்பட. வேற போன்ல இருந்து உடனே சிம் கம்பெனிக்கு அடிச்சி லைனை நிறுத்தச் சொல்லுங்க, பேங்குக்கும் அடிங்க, காசு போயிருந்தா மோசடிப் புகார் மையத்தோட 997க்கும் அடிங்க, அப்புறம் போலிஸ் ரிப்போர்ட்.

சின்னம்மா விஷயத்துல மரண சர்ட்டிபிகேட்டைத் தூக்கிக்கிட்டு ஈப்போவுக்கு ரெண்டு தடவை அலைஞ்சோம், பழைய நம்பர் கிடைக்கல. கே.டபிள்யூ.எஸ்.பி. ஆபிஸ்ல கைரேகை வச்சி புது நம்பரைப் பதிஞ்சாச்சி, இந்தத் தடவை அவங்க பேர்லயே. போன் இப்ப ஜிப் வச்ச சின்ன பிளாஸ்டிக் பையில, அந்த பி.யு.கே. அட்டை கடுகு டப்பாவுல.