அக்ரகாஸா, அக்ரிகென்ட்டுமா? கிரேக்க ஊர் பேர்ல குழம்பாம இருக்கிறது எப்படி

குன்னூர்ல மழை விடாம ஊத்திட்டு இருந்த ஒரு சாயங்காலம், அண்ணன் பொண்ணு எங்க வீட்ல உக்காந்து சிசிலி தீவு மேப் போட்டுட்டு இருந்தா, தெக்கு கரையில ரெண்டு புள்ளி வெச்சு ஒண்ணுல அக்ரகாஸ், இன்னொண்ணுல அக்ரிகென்ட்டும்னு எழுதியிருந்தா. "சித்தப்பா, ரெண்டும் பக்கத்து பக்கத்து ஊரா?"ன்னு கேக்குறா. ரெண்டும் ஒரே ஊருடா கண்ணு, கிரேக்கர்கள் சொன்னது அக்ரகாஸ், லத்தீன் பேசின ரோமானியர்கள் சொன்னது அக்ரிகென்ட்டும். பஸ் போர்டுல உதகை, கண்டக்டர் கத்துறது ஊட்டி, சர்க்கார் லெட்டர்ல உதகமண்டலம், பழைய இங்கிலீஷ் புக்குல ஊட்டகமண்ட், அதுக்காக நாலு ஊரா என்ன?

மொதல்ல பேரோட வாலை பாருங்க. ஓஸ்னு முடிஞ்சா கிரேக்கம், அதையே லத்தீன்ல உஸ்னு முடிப்பாங்க: கொரிந்தோஸ், கொரிந்துஸ். "ஓன்"னு முடிஞ்சா லத்தீன்ல உம்: பைசான்டியோன், பைசான்டியும். இது அஞ்சு நிமிஷத்துல பழகிடும். சில நேரம் எழுத்துதான் மாறும், சத்தம் அதேதான். நம்ம மதுரையையே எடுத்துக்கோங்க, பழங்கால புவியியல் ஆசிரியர் தாலமி கிரேக்கத்துல எழுதினப்போ "ஊ" சத்தத்துக்கு ரெண்டு எழுத்து போட வேண்டியிருந்துச்சு, ரோமானிய எழுத்தாளர் பிளினி லத்தீன்ல ஒரே எழுத்துல முடிச்சுட்டாரு, ரெண்டு பேரும் சொன்னது மொதூராதான்.

இப்ப கஷ்டமான இடத்துக்கு வருவோம். அக்ரகாஸ் எப்படி அக்ரிகென்ட்டும் ஆச்சு? வாலை மட்டும் பாத்தா புரியாது, வேற்றுமை உருபு சேத்து பாக்கணும், தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இது ரொம்ப ஈஸி. நாம மண்டலம்னு சொல்றோம், ஆனா "மண்டலம்ல"ன்னா எழுதுறோம், மண்டலத்தில்னுதானே எழுதுறோம், அந்த "த்து" தனியா சொல்றப்போ ஒளிஞ்சிருக்கு. அதே கதைதான் அங்கயும். அக்ரகாஸ்ங்கிறது எழுவாய், "அக்ரகாஸோட"ன்னு சொல்லணும்னா அக்ரகன்ட்டோஸ், "அக்ரகாஸை"ன்னா அக்ரகன்ட்டா. லத்தீன்காரங்க பேருல ஒட்டிக்கிட்டது இந்த ன்ட் இருக்கிற வடிவம்தான். தெற்கு இத்தாலியில இருந்த தாராஸ்ங்கிற கிரேக்க ஊர் தரென்ட்டும் ஆனதும் இப்படித்தான். சிசிலியில இருந்த இன்னொரு கிரேக்க ஊரான செலினூஸ் லத்தீன்லயும் செலினூஸ்தான், ஆனா இன்னைக்கு இத்தாலிக்காரங்க செலினுன்ட்டேன்னு சொல்றாங்க, ஒளிஞ்சிருந்த ன்ட் அங்க வெளிய வந்துடுச்சு. அதனால ஆஸ், ஊஸ்னு முடியுற பேரை பாத்தா உடனே "ஓட" போட்டா என்ன வரும்னு அகராதியில பாத்துடுங்க, முக்காவாசி குழப்பம் அங்கயே தீந்துடும்.

ரெண்டாவது வில்லங்கம், கேக்குறவன் காதுல விழுற அர்த்தம். தோடர் ஊரை மந்துன்னு சொல்றோம், வெள்ளக்காரன் அதை மண்ட்னு எழுதினான், கடைசியில உதகமண்டலம்ங்கிற பேருல அது மண்டலம் ஆயிடுச்சு. ரோமானியர்களுக்கு எபிதம்னோஸ்ங்கிற கிரேக்க ஊர் (இன்னைக்கு அல்பேனியாவுல இருக்கு) பேரே ஆகல, அவங்க மொழியில தம்னும்னா நஷ்டம், கிளம்புறப்போ எங்க போறேன்னு கேட்டாலே முறைக்கிற நம்ம தாத்தாங்க மாதிரி போல, அதனால டிர்ராகியும்ங்கிற இன்னொரு பேரையே வெச்சுக்கிட்டாங்க. இத்தாலியில இருந்த மலேவென்ட்டும்ங்கிற ஊர் பேர்ல "மலே"ன்னா கெட்டதுன்னு பட்டுச்சு, கிமு 268ல அங்க குடியேற்றம் வெச்சப்போ பெனேவென்ட்டும்னு மாத்திட்டாங்க, "பெனே"ன்னா நல்லது. தெற்கு இத்தாலியில இருந்த பொசைடோனியாங்கிற கிரேக்க ஊர் பேஸ்டும் ஆனதுக்கு மட்டும் எந்த ரூலும் கிடையாது, மனப்பாடம்தான்.

எழுதுறப்போ எதை போடுறது? நான் காலத்தை பாப்பேன். கிமு 580 வாக்குல சிசிலியிலயே இருந்த கேலாங்கிற கிரேக்க ஊர்ல இருந்து வந்தவங்க ஊரை கட்டினது, தத்துவஞானி எம்பெடோக்ளிஸ் அங்க பொறந்தது, கிமு 406ல வட ஆப்பிரிக்காவுல இருந்த கார்த்தேஜ் நகரத்து படை சூறையாடினது, இதுக்கெல்லாம் அக்ரகாஸ். கிமு 262ல ரோம் முற்றுகை போட்ட கதையில இருந்து அக்ரிகென்ட்டும். கட்டுரையில மொத தடவை வரும்போது ரெண்டையும் சொல்லிடுங்க, அப்புறம் பாதியில மாத்தாதீங்க, படிக்கிறவன் பாவம். இன்னைக்கு மேப்புல அக்ரிஜென்ட்டோ, அதுவும் 1927ல முசோலினி ஆட்சியில லத்தீன் பேரை தூசி தட்டி வெச்சதுதான், அது வரைக்கும் ஜிர்ஜென்ட்டி.

சந்தேகம் வந்தா அந்த ஊர் காசை பாருங்க. அக்ரகாஸ் காசுல ஒரு பக்கம் கழுகு, இன்னொரு பக்கம் நண்டு, தாராஸ் காசுல டால்ஃபின் மேல உக்காந்த ஆளு, பக்கத்துலயே பேரு, ஊர்க்காரனே வெட்டினது. ஆனா ஒண்ணு, பல காசுல ஊர் பேரு இருக்காது, ஊர்க்காரங்க பேருதான். சிசிலியில இருக்கிற சிராகூஸ் ஊர் காசுல "சிராகோசியோன்"னு இருந்தா "சிராகூஸ்காரங்களோடது"ன்னு அர்த்தம், அதை ஊர் பேருன்னு எடுத்து எழுதிடாதீங்க, நான் எழுதி அசிங்கப்பட்டிருக்கேன்.

நேயாபோலிஸ்னு வந்தா மட்டும் அவசரமே படாதீங்க, அதுக்கு அர்த்தம் புதூர். நம்ம ஊர்ல எத்தனை புதூர் இருக்கு! இத்தாலி நேப்பிள்ஸும் அதுதான், கிரீஸ்ல இருக்கிற கவாலாவும் ஒரு காலத்துல அதுதான், பாலஸ்தீனத்து நாப்லூஸும் அந்த பேருல இருந்து வந்ததுதான். எந்த நாட்டு புதூருன்னு கேட்டுட்டு அப்புறம் புள்ளி வைங்க.