‘வயிறு வலிக்கும்’ என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள்

நகைச்சுவைத் துணுக்கைப் பகிரும்போது பலரும் செய்கிற முதல் தவறு, அதன் தலையில் தாங்களாக ஒரு வரி சேர்ப்பது. ‘செம காமெடி, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது’ என்று எழுதி, கூடவே கண்ணீர் வழியச் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாக நிறுத்துவார்கள். படிப்பவரோ ‘எங்கே, சிரிக்க வை பார்ப்போம்’ என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்புறம் அவரைச் சிரிக்க வைக்க யாராலும் முடியாது.

அதைவிடப் பெரிய தவறு, நடுவில் புகுந்து விளக்குவது. பரமார்த்த குருவின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் ஆபத்து, தூங்கும்போதுதான் கடக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு சீடன் கொள்ளிக்கட்டையோடு போய், எட்ட நின்று தண்ணீரில் தோய்க்கிறான். ‘சுர்ர்’ என்று சத்தம், ஒரே புகை. ஆறு விழித்திருக்கிறது என்று அலறியடித்து ஓடி வருகிறான். நேரம் கழித்து இன்னொருவன் அதே கட்டையை எடுத்துப்போய்த் தோய்க்கிறான். சத்தமே இல்லை. ஆறு நன்றாகத் தூங்குகிறது, கிளம்புங்கள்!

அவசரக்காரர் இந்த இடத்தில் சும்மா இருக்க மாட்டார். ‘கட்டைதான் ஏற்கெனவே அணைஞ்சு போச்சே, அது அந்த முட்டாளுக்குத் தெரியல’ என்று எடுத்துக் கொடுப்பார். அதைக் கேட்பவர் தாமாகக் கண்டுபிடிக்கிற அரை நொடியில்தான் சிரிப்பே இருக்கிறது. இன்னொன்று, சீடர்கள் தங்களை மகா ஜாக்கிரதைக்காரர்களாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சொல்பவரும் அதே தீவிர முகத்தோடு சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் ‘ஐந்து முட்டாள்கள் இருந்தாங்களாம்’ என்று ஆரம்பித்தால் ஆற்றங்கரை வரை போக வேண்டிய அவசியமே இல்லை.

இதைப் பாட்டி காலத்து நாட்டுப்புறக் கதை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். எழுதியவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். 1822-இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறியது. அவருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைக் கேட்க வேண்டாம். ‘படித்ததில் பிடித்தது’ என்று போட்டுவிட்டால் எழுதியவர் பெயரை வெட்டிவிடலாம் என்று ஒரு சட்டம் இருப்பதுபோல நடந்துகொள்கிறோம். அப்புசாமி – சீதாப்பாட்டியைப் படைத்த ஜ.ரா. சுந்தரேசன், அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து பாக்கியம் ராமசாமி என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர். அதை வெட்டினால் ஒரு குடும்பமே காலி! இதற்கு நேர் எதிரான பாவம், ஊர் பேர் தெரியாத துணுக்குக்கெல்லாம் சுஜாதா, கிரேஸி மோகன் என்று முத்திரை குத்துவது. யார் எழுதியது என்று தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று போடுவதில் என்ன குறைந்துவிடும்?

பழைய பத்திரிகை ஜோக்குகளை வசனம் மட்டும் தட்டச்சு செய்து அனுப்புவதும் வீண் வேலை. கோபுலு மாதிரி ஒருவர் வரைந்ததில் பாதி நகைச்சுவை கோட்டில்தான் இருக்கும். வட்டாரப் பேச்சைத் ‘திருத்தி’ அனுப்புகிறவர்களைப் பற்றிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதும் முக்கியம். 1987-இல் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்த அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அந்த ஜோக் குறிவைத்தது அதிகாரத்தில் இருப்பவர்களை. நம் குடும்பக் குழுக்களில் சுற்றுவதோ கறுப்பாக இருப்பவர், குண்டாக இருப்பவர், திக்கிப் பேசுபவர், போதாக்குறைக்கு மனைவி. அதே குழுவில் திக்கிப் பேசும் மச்சானும் இருப்பார். அவரும் சிரிக்கிற பொம்மை போடுவார், வேறு வழியில்லாமல். அனுப்பும் முன் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், இன்றைக்கு அவர்கள் வீட்டில் என்ன நிலவரம் என்று பாருங்கள். இரங்கல் செய்திக்கு அடுத்த செய்தியாக டாக்டர் – நர்ஸ் ஜோக் போய் விழுவது அடிக்கடி நடக்கிற கூத்து.

படிக்கும்போதும் அளவு வேண்டும். ஒரே மூச்சில் இருபது துணுக்குகளைப் படித்தால் ஆறாவதிலேயே முகம் இறுகிவிடும், பழி எழுதியவர் மேல் விழும்.

அனுப்பிய பிறகு பதிலே வரவில்லையா? விட்டுவிடுங்கள். ‘புரியலையா?’ என்று கேட்டு விளக்கவுரை அனுப்பினால், மரியாதைக்கு ஒரு கட்டைவிரல் வரும். அவ்வளவுதான்.