பீரோ சாயாமல் சுவரோடு பிடிப்பது எப்படி?

ஆறரை அடி உயரம், ஒன்றரை அடி ஆழம்: நம் வீட்டு இரும்பு பீரோ பெரும்பாலும் இந்த அளவில்தான் வருகிறது. மூடியிருக்கும்வரை அசையாது. கண்ணாடி பதித்த கதவைத் திறந்ததும் எடை முன்பக்கம் வருகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தை கீழ்த்தட்டில் காலை வைத்து ஏறினால் சாய்ந்துவிடும். இழுப்பறை வைத்த மர அலமாரியில் ஆபத்து இன்னும் அதிகம். இழுத்த அறைகளே குழந்தைக்குப் படிக்கட்டு. இப்படிச் சாய்ந்து குழந்தைகள் இறந்த பிறகுதான் 2016-ல் அமெரிக்காவில் ஐகியா ஏறக்குறைய 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றது.

பிடிப்பு எப்போதும் உச்சியில் இருக்கட்டும். இடுப்பு உயரத்தில் பிடித்தால், அதே சாய்வைத் தடுக்க ஸ்குரூ இரண்டு மடங்கு விசையைத் தாங்க வேண்டும்.

முதலில் சுவர்

ஸ்குரூ நிற்பதும் பிடுங்கிக்கொண்டு வருவதும் சுவரைப் பொறுத்தது. டிரில் போடும்போது கொட்டும் தூளைக் கவனியுங்கள். முதல் அரை அங்குலம் சாம்பல் நிறத்தில் வருவது பூச்சு. பிறகு செங்கல் நிறத்துக்கு மாறினால் நல்ல இடம். சாம்பல் தூளே தொடர்ந்து, பிட்டும் (டிரில்லின் துளையிடும் கம்பி) எளிதாக இறங்கினால் நீங்கள் துளைப்பது இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள கலவையை. ஒன்றரை அங்குலம் மேலேயோ கீழேயோ தள்ளிப் போடுங்கள். சாம்பல் தூள் வந்து பிட் நகரவே அடம்பிடித்தால் கான்கிரீட். நேரம் பிடிக்கும், ஆனால் அதைவிட உறுதியான பிடி கிடையாது.

பூச்சைத் தாண்டியும் வெளிர் தூள் வந்து, பிட் சோப்புக்கட்டியில் இறங்குவதுபோல் இறங்கினால் ஏஏசி பிளாக், அதாவது நுண்துளைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல். டிரில்லின் ஹேமர் அடியை நிறுத்திவிட்டுச் சும்மா சுழலவிட்டுத் துளைத்து, ஏஏசிக்கென்றே விற்கும் பிளக்கை (ஸ்குரூ இறுகப் பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை) போடுங்கள். பிட் திடீரென்று உள்ளே விழுந்தால் உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக். அதற்கும் தனி பிளக் உண்டு, கடையில் சுவர் எதுவென்று சொல்லிக் கேளுங்கள்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்காதீர்கள், உள்ளே ஒயர் பைப் ஓடும். குளியலறைக்குப் பின்சுவர் என்றால் தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் டிரில்லைத் தொடவேண்டாம்.

பீரோவைப் பிடிப்பது

செங்கல் சுவருக்கு வேண்டியவை: 3 மி.மீ. தடிப்புள்ள எல் ஆங்கிள் (எல் வடிவ இரும்புத் துண்டு) இரண்டு, 8 மி.மீ. தடிமனும் 50 மி.மீ. நீளமும் உள்ள ராவல் பிளக், அதற்கேற்ற 60 மி.மீ. ஸ்குரூ, 6 மி.மீ. போல்ட்-நட், அகல வாஷர்.

பீரோவைக் காலி செய்யுங்கள். மேல்தகட்டில், பின்விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, இரு பக்கமும் ஒவ்வொரு துளை போட்டு ஆங்கிளைப் போல்ட்டால் இறுக்குங்கள். தகட்டுக்கு அடியில் வாஷர் கட்டாயம். பீரோ தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, வெறும் ஸ்குரூ அதில் நிற்காது. துளை விளிம்பில் ரெட் ஆக்சைடு பெயிண்ட் தொட்டு வையுங்கள், இல்லையேல் அங்கிருந்துதான் துரு தொடங்கும்.

பீரோவைச் சுவரோரம் தள்ளி, ஆங்கிள் ஓட்டை வழியாகப் பென்சிலால் குறியிட்டு, மறுபடி நகர்த்திவிட்டுத் துளையுங்கள். பிட்டில் 60 மி.மீ. அளவில் டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது. துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுத்த பிறகே பிளக்.

சின்ன பிளக் முழுக்கப் பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும். இழுத்தால் பூச்சோடு கட்டியாகப் பெயர்ந்து வரும். பழைய வீடுகளில் பூச்சு முக்கால் அங்குலத்தைத் தாண்டியும் இருக்கும், அங்கே 70 மி.மீ. பிளக்கும் அதற்கேற்ப நீண்ட ஸ்குரூவும் வாங்குங்கள். துளை பெரிதாகிவிட்டால் தீக்குச்சி செருகி இறுக்குவது நம்மூர் வழக்கம். காலண்டர் மாட்ட அது போதும், பீரோவுக்கு ஆகாது. 10 மி.மீ. பிட் போட்டுப் பெரிய பிளக்குக்கு மாறுங்கள்.

சுவரின் அடியில் ஒட்டிய ஸ்கர்ட்டிங் டைல்ஸ் பீரோவைச் சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளி நிறுத்தும். அந்த இடைவெளியோடு ஸ்குரூவை இறுக்கினால் ஆங்கிள் வளையும். இடைவெளியின் அளவுக்கே பிளைவுட் துண்டு வெட்டி நடுவில் கொடுத்து, ஸ்குரூவையும் அவ்வளவு நீளமாக எடுங்கள். தரைச் சரிவு முன்பக்கம் இருந்தால் முன்கால்களுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துச் சமப்படுத்துங்கள்.

மர அலமாரி, டிவி

மர அலமாரியின் பின்பலகையில் ஸ்குரூ போடாதீர்கள். அது சிற்றாணி அடித்த மெல்லிய பிளை, தனியே கழன்று வரும். 18 மி.மீ. மேல்பலகையிலோ பக்கப்பலகையிலோ ஆங்கிளை வைத்து, 2.5 மி.மீ. முன்துளை போட்டு, 16 மி.மீ. ஸ்குரூவால் இறுக்குங்கள். பார்ட்டிக்கிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) என்றால் அறுத்த விளிம்பில் மட்டும் வேண்டாம், பிளந்துவிடும்.

மேசைமேல் நிற்கும் டிவிக்கு, பின்புறமுள்ள நான்கு மரைத்துளைகளில் மேல் இரண்டோடு நைலான் பட்டை கட்டிச் சுவரில் பிடிக்கலாம்.

வாடகை வீட்டில் துளை போட ஓனரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். காலி செய்யும்போது இரண்டு ஓட்டையைப் புட்டியால் அடைப்பது பத்து நிமிட வேலை. டபுள் டேப்பை நம்ப வேண்டாம், பெயிண்டை உரித்துக்கொண்டு வரும்.

முடித்ததும் எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்து, பக்கவாட்டில் நின்றபடி உச்சியைப் பிடித்து முன்னால் இழுத்துப் பாருங்கள். ஸ்குரூ தலையைச் சுற்றி முடிபோல ஒரு விரிசல் கண்டாலும் பிளக் நகர்ந்திருக்கிறது. அந்தத் துளையை விட்டு நான்கு அங்குலம் தள்ளி வேறு துளை போடுங்கள்.