போஸ்ட்டை அழிக்கும் முன் லிங்க்கை எடுத்து வையுங்கள்

எங்கள் வீட்டுப் பழைய எக்ஸ்எல் வண்டியை விற்க, கோபிசெட்டிபாளையம் பக்கத்து 'வாங்க விற்க' ஃபேஸ்புக் குரூப் ஒன்றில் படமும் என் நம்பரும் போட்டிருந்தேன். ஒரே வாரத்தில் நம்பியூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரியே போஸ்ட்டை அழித்தேன். மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் ஒருவர் கூப்பிட்டு, "ஏனுங்ணா, அந்த வண்டி இருக்குதுங்களா?" என்கிறார்.

கீழ்பவானிப் பாசனக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பவானிசாகர் அணையில் மதகை அடைத்தால் புதுத் தண்ணீர் வராது, அவ்வளவுதான். ஏற்கெனவே இறங்கிய தண்ணீர் 200 கிலோமீட்டர் வாய்க்காலில் கடைமடையைப் பார்த்து ஓடிக்கொண்டேதான் இருக்கும். டிலீட் பட்டன் அந்த மதகு மாதிரி. கீழே போனதை வேறு வழியில்தான் தேட வேண்டும்.

படி 1: உடனே அழிக்காதீர்கள்

நான் செய்த தப்பே இதுதான். போஸ்ட்டின் மூன்று புள்ளியைத் தொட்டு, லிங்க்கைக் காப்பி செய்து எங்காவது சேமித்து வையுங்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். பின்னால் கூகுளுக்கோ குரூப் அட்மினுக்கோ எழுதும்போது முதலில் கேட்பது லிங்க்கைத்தான். அதுவரை யார் கண்ணிலும் படக்கூடாது என்றால், உங்கள் சொந்தப் பக்கத்துப் போஸ்ட்டை 'ஒன்லி மீ' என்று மாற்றி வைக்கலாம்.

யார் யார் ஷேர் செய்தார்கள் என்றும் பாருங்கள். ஷேர் பட்டனை அழுத்திப் பகிர்ந்தது உங்கள் போஸ்ட்டையே காட்டும் ஜன்னல். மூலத்தை அழித்தால் அங்கேயும் மறைந்துவிடும். படத்தை இறக்கி மறுபடி போட்டவரிடம் இருப்பது தனிப் பிரதி. அதை நீங்கள் அழிக்க முடியாது, கேட்டு வாங்கித்தான் எடுக்க வைக்க வேண்டும். என் வண்டி மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

படி 2: குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள்

ஃபேஸ்புக்கில் 'மூவ் டு ட்ராஷ்' கொடுத்தால் போஸ்ட் 30 நாள் ட்ராஷில் கிடக்கும். ஆக்டிவிட்டி லாக்கில் ட்ராஷைத் திறந்து அங்கேயும் அழியுங்கள். 'ஆர்க்கைவ்' என்று கொடுத்தால் அழிக்கவே இல்லை, பரணில் தூக்கிப் போட்ட கதைதான். இன்ஸ்டாகிராமிலும் 'ரீசென்ட்லி டிலீட்டட்' பகுதியில் 30 நாள் இருக்கும்.

கணக்கையே அழித்தால்? மனம் மாறித் திரும்ப 30 நாள் தருகிறார்கள். எல்லாம் சர்வரிலிருந்து போக, அழிக்கத் தொடங்கியதிலிருந்து 90 நாள் வரை ஆகலாம் என்பது ஃபேஸ்புக்கே சொல்லும் கணக்கு. நீங்கள் அனுப்பிய மெசேஜ்கள் வாங்கியவரின் இன்பாக்ஸில் அப்படியே இருக்கும்.

படி 3: தேடலில் பாருங்கள்

உங்கள் பெயரையும் போன் நம்பரையும் கூகுளில் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். போஸ்ட் போய்விட்டது, ஆனால் தேடலில் இரண்டு வரி இன்னும் தெரிகிறதா? கூகுளின் 'ரிஃப்ரெஷ் அவுட்டேட்டட் கன்டென்ட்' பக்கத்தில் அந்த லிங்க்கைக் கொடுங்கள். மூலப் பக்கமோ அதிலிருந்த அந்த வரியோ உண்மையிலேயே போயிருந்தால்தான் இது வேலை செய்யும்.

அப்புறம் வேபேக் மெஷின். 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ், இணையப் பக்கங்களை நகலெடுத்து வைத்து 2001 முதல் இந்த வேபேக் மெஷின் வழியாக எல்லோருக்கும் காட்டுகிறது. உங்கள் லிங்க்கை அங்கே ஒட்டிப் பாருங்கள். நகல் இருந்தால், நீக்கச் சொல்லி அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதலாம்.

படி 4: வாட்ஸ்அப்

'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' அனுப்பி இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரைதான் கிடைக்கும். அதற்குள் அழித்தாலும், ஒருவர் பங்காளிகள் குரூப்புக்கு ஃபார்வர்ட் செய்திருந்தால் அந்தப் பிரதி தனி. ஐபோனில் போட்டோவாகச் சேமித்திருந்தால் அதுவும் நிற்கும்.

அந்தரங்கப் படம் ஏதாவது வெளியே போய்விட்டால் மேலே சொன்ன வரிசையெல்லாம் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டும் லிங்க்கும் எடுத்துக்கொண்டு நேராக சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். பதினெட்டு வயது தாண்டியவர்கள், சம்மதமில்லாமல் அந்தரங்கப் படம் பரவுவதைத் தடுக்க உதவும் 'ஸ்டாப்என்சிஐஐ' (StopNCII) தளத்தையும் பயன்படுத்தலாம். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஓர் எண் மட்டும் சேர்ந்திருக்கும் நிறுவனங்களுக்குப் போகும், அதை வைத்துத் தடுப்பார்கள்.

என் வண்டிக்கு வருகிறேன். கூப்பிட்டவரிடமே லிங்க்கைக் கேட்டு வாங்கி, அந்தப் பிரதி கிடந்த குரூப்பின் அட்மினுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். வண்டி கேட்டுக் கூப்பிட்டவருக்கு நன்றி சொல்லலாம் என்று திரும்பப் போன் போட்டால், "பரவால்லீங்ணா, வேற வண்டி ஏதாச்சும் கைவசம் இருக்குதுங்களா?"