பாமினிக் கோப்புகளும் மக்புக்கும்: விறாந்தையில் இருந்தபடி வின்டோஸை இயக்குதல்

கிளிநொச்சியில் அச்சு வடிவமைப்பு வேலை செய்யும் எனக்கு அந்தியேட்டிக் கல்வெட்டுகளும் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்கள்) திருமண அழைப்பிதழ்களுமே பெரும்பாலும் வந்து சேர்கின்றன. இத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகள் அனைத்தும் பேஜ்மேக்கர் 7.0 என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளைக் கொண்ட பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. 2001இல் வந்த அந்தப் பதிப்போடு பேஜ்மேக்கர் நின்றுவிட்டது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு தரும் யுனிகோட்டும் அதற்குத் தெரியாது. நான் வாங்கிய மக்புக்கோ ஆப்பிளின் எம்1 சில்லு கொண்ட வகை; அதில் வின்டோஸை நிறுவ உதவும் பூட் காம்ப் வசதி இல்லை. ஆகவே பழைய மேசைக் கணினியைத் தகரக் கூரையின் கீழுள்ள வெக்கை அறையிலேயே விட்டுவிட்டு, விறாந்தையில் இருந்து, ஒரு கணினியை இன்னொன்றிலிருந்து இயக்க உதவும் வின்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப் வழியாக அதை இயக்கி வருகிறேன். மென்பொருள் அங்கேயே ஓடுகிறது, திரையின் தோற்றம் மட்டுமே இங்கு வருகிறது என்பதால், மக்கில் பாமினி எழுத்துருவை நிறுவ வேண்டிய தேவைகூட இல்லை.

முதலில் மேசைக் கணினியில் இருப்பது வின்டோஸ் புரோ பதிப்புத்தானா என்று பாருங்கள். ஹோம் பதிப்பு ரிமோட் டெஸ்க்டொப் வழியாக உள்ளே வர இடமளிக்காது. ஹோம் வைத்திருப்பவர்கள் ரஸ்ட்டெஸ்க் போன்ற வேறு தொலைநிலை மென்பொருள்களை நாடலாம். ஆனால் வீட்டு வலையமைப்புக்குள் வேலை செய்வதற்கு, எழுத்துகள் தெளிவாகத் தெரிவதாலும் சுட்டி பின்தங்காததாலும், ரிமோட் டெஸ்க்டொப்பையே நான் விரும்புவேன்.

புரோ என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குச் சென்று ரிமோட் டெஸ்க்டொப்பை இயக்குங்கள். பவர் பகுதியில் கணினி தானாக உறங்கும் நேரத்தை 'நெவர்' என்று மாற்றுங்கள். உறங்கும் கணினி அழைப்புக்குப் பதில் தராது. நெட்வேர்க் பகுதியில் இணைப்பின் வகை 'பிரைவேட்' என்று இருக்கட்டும். அங்கேயே ஐபிவி4 முகவரியும் தெரியும், 192.168.1.50 போன்ற அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு ரவுட்டர் இந்த எண்ணை மாற்றிவிடக்கூடும் என்பதால், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அக்கணினிக்கு அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுவது நல்லது.

மக்கில், அப் ஸ்டோரிலிருந்து 'வின்டோஸ் அப்' என்பதை நிறுவ வேண்டும். 2024 செப்டெம்பருக்கு முன் இதன் பெயர் 'மைக்ரோசொஃப்ட் ரிமோட் டெஸ்க்டொப்'. பழைய விளக்கங்களில் அந்தப் பெயரைக் கண்டால் குழம்ப வேண்டாம். அதில் புதிய பிசி ஒன்றைச் சேர்த்து, குறித்துவைத்த முகவரியை இட்டு, இணையுங்கள்.

இப்போது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். நாளாந்தம் வின்டோஸைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண் இங்கே செல்லாது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைபவர்கள் அக்கணக்கின் மின்னஞ்சல் முகவரியையும் முழுக் கடவுச்சொல்லையும் இட வேண்டும். கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுக்கப்பட்டால், அந்தக் கணினியில் பின் எண்ணைத் தவிர வேறெதனாலும் ஒருபோதும் நுழையாததே பெரும்பாலும் காரணம். செட்டிங்ஸில் 'சைன்-இன் ஒப்ஷன்ஸ்' சென்று, பின் எண், முகம், விரல்ரேகை வழியாக நுழையும் வின்டோஸ் ஹலோ மட்டும் போதும் என்னும் தெரிவை அணைத்து, திரையைப் பூட்டி, கடவுச்சொல்லால் ஒருமுறை உள்நுழைந்த பின் மீண்டும் முயலுங்கள். கடவுச்சொல்லே இல்லாத உள்ளூர்க் கணக்கையும் ரிமோட் டெஸ்க்டொப் ஏற்காது.

நான் இரண்டு மாலைகளைத் தொலைத்த இடம் இதற்கும் அப்பால் இருந்தது. பேஜ்மேக்கர் அழகாகத் திறந்தது. பழைய கல்வெட்டு ஒன்றின் பாமினி எழுத்துகளும் பிசகின்றித் தெரிந்தன. ஆனால் 'அம்மா' என்று தட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகளே விழுந்தன. எழுத்துருவை நீக்கி மீண்டும் நிறுவினேன், பேஜ்மேக்கரையும் மீண்டும் நிறுவினேன், பயனில்லை. பிழை என்னுடைய மக்கில் இருந்தது. அதன் விசைப்பலகையைத் தமிழ்99 என்னும் தமிழ் விசையமைப்பில் விட்டிருந்தேன்; வின்டோஸ் அப்பின் விசைப்பலகை முறையும் யுனிகோடில் இருந்தது. ஆகவே மக் முதலில் யுனிகோட் எழுத்தை ஆக்கி அனுப்ப, யுனிகோட் அறியாத பேஜ்மேக்கர் அதைக் கேள்விக்குறியாக வாங்கிக்கொண்டது. பாமினிக்கு வேண்டியது எழுத்து அல்ல, விசை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கில விசைகளின் அடிகள் அப்படியே போய்ச் சேர்ந்தால்தான் அங்கே 'அம்மா' பிறக்கும். மேல்மெனுவில் 'கீபோர்ட் மோட்' என்பதை விசையடியை மட்டும் அனுப்பும் 'ஸ்கான்கோட்' ஆக மாற்றி, வின்டோஸின் விசைப்பலகையையும் ஆங்கிலத்தில் வைத்ததும் சிக்கல் தீர்ந்தது. யுனிகோடில் தட்டெழுதும் வேர்ட் போன்றவற்றுக்கு மட்டும் மற்ற முறைக்கு மாற்றிக்கொள்கிறேன்.

முடித்த பக்கத்தை மக்குக்குக் கொண்டுவர, பிசியின் அமைப்பில் 'ஃபோல்டர்ஸ்' பகுதியில் மக்கின் கோப்புறை ஒன்றைத் தெரிவுசெய்து இணையுங்கள். அது வின்டோஸின் 'திஸ் பிசி'யில் தோன்றும், பிடிஎஃப் கோப்பை நேரே அதற்குள் சேமிக்கலாம். நீங்கள் இணைந்ததும் மேசைக் கணினியின் திரை பூட்டிக்கொள்ளும் என்பதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அங்கே இருந்து படம் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, கணினி பழுதாகிவிட்டது என்று ஓடிவந்தான்.

வெளியூரில் இருந்தும் நுழையலாம் என்று எண்ணி ரவுட்டரில், ரிமோட் டெஸ்க்டொப் பயன்படுத்தும் 3389ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். திறந்திருக்கும் அந்தப் போர்ட்டைத் தேடிக் கடவுச்சொற்களை ஓயாது முயன்று பார்க்கும் தானியங்கி நிரல்கள் இணையத்தில் ஏராளம்.

பின்சேர்க்கை: இதே முறையைப் பின்பற்றிய வவுனியா நண்பர் ஒருவருக்கு, எல்லாம் சரியாக இருந்தும் இணைப்புக் கிடைக்கவில்லை. அவருடைய மக்கில் 2024இல் வந்த மக்ஓஎஸ் செக்கோயா பதிப்பு இருந்தது. அப்பதிப்பிலிருந்து, வீட்டு வலையமைப்பில் உள்ள கருவிகளைத் தேட ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்கிறது. அந்தக் கேள்விக்கு அவர் படிக்காமலே மறுப்புச் சொல்லியிருக்கிறார். சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி' என்பதன் கீழ் 'லோக்கல் நெட்வேர்க்' பகுதியில் வின்டோஸ் அப்பை இயக்கியதும் அவருக்கு இணைப்புக் கிடைத்தது.

இன்னொருவர், மின்சாரம் போய் வந்த பின் மேசைக் கணினியை இயக்க ஒவ்வொரு முறையும் எழுந்து போக வேண்டியிருக்கிறதே என்று கேட்டார். கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அதன் அடிப்படை அமைப்பான பயோஸில், மின்சாரம் மீண்டதும் தானாக இயங்கும்படி அமைக்கும் தெரிவு பெரும்பாலும் பவர் பகுதியில் இருக்கும். அதை இயக்கிவிடலாம், ஆனால் மாரி இடிமுழக்கத்தின்போது நான் எழுந்து போய்ச் செருகியைக் கழற்றிவிடுகிறேன்.