புராஸ்டேட் புற்றுநோய் ஆய்வுக் கட்டுரையை எங்கிருந்து படிப்பது?

சுருக்கத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் எந்தச் செல்லில் சோதனை செய்தார்கள் என்று பாருங்கள். எல்என்கேப், பிசி-3 இரண்டும் ஆய்வகத்தில் வளர்க்கும் புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்கள். எல்என்கேப் செல்லில் ஆண்ட்ரோஜன் ஏற்பி (ஆண் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) உண்டு, பிசி-3 செல்லில் கிட்டத்தட்ட இல்லை, ஆகவே ஆண் ஹார்மோன் மரபணுக்களை எப்படி இயக்குகிறது என்று பேசும் கட்டுரை பிசி-3-ஐ மட்டும் நம்பியிருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

சரி, அடுத்து கேஎல்கே3. ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் பிஎஸ்ஏ புரதத்துக்கான மரபணு இதுதான். ஹார்மோன் சேர்த்ததும் ஏற்பி உட்கருவுக்குள் போய் டிஎன்ஏவில் ஒட்டி இதை முடுக்கிவிடும். எல்என்கேப்பில் ஹார்மோன் சேர்த்தும் வரைபடத்தில் இது ஏறவில்லையென்றால் சோதனையிலேயே ஏதோ கோளாறு.

பிறகு டிஎம்பிஆர்எஸ்எஸ்2–ஈஆர்ஜி இணைவைத் தேடுங்கள். 2005-இல் மிச்சிகனில் அருள் சின்னையன் குழு வெளியிட்ட கண்டுபிடிப்பு. 21-ஆம் குரோமோசோமில் இந்த இரண்டு மரபணுக்களும் உடைந்து ஒட்டிக்கொள்ள, டிஎம்பிஆர்எஸ்எஸ்2-இன் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட சுவிட்ச் ஈஆர்ஜி கைக்குப் போய்விடுகிறது, பக்கத்து வீட்டு லைனில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது மாதிரி. விகேப் என்ற இன்னொரு ஆய்வகச் செல்லில் இது இருக்கும், எல்என்கேப்பில் இருக்காது.

ஹார்மோன் சிகிச்சை பலிக்காமல் போனவர்களின் மாதிரி என்றால் ஏஆர்-வி7 அளந்தார்களா என்று பாருங்கள். ஏற்பியின் இந்த வடிவத்தில் ஹார்மோன் ஒட்டும் பகுதியே கிடையாது, அங்கே போய் உட்கார வேண்டிய என்சலூட்டமைடு மருந்துக்கும் இடமில்லை. ஹார்மோன் இல்லாமலேயே அது மரபணுக்களை இயக்கிக்கொண்டிருக்கும்.